குருதியா தமிழ் பேசுகிறது?

போடிநாயக்கனூர் மலைச்சரிவுகளில் ஏலச்செடியைத் தூர் பிரித்து நடுவர். தாய்த்தூரினின்று பிரிந்த பக்கக்கன்று வேற்றிடத்தில் வேரூன்றி மூன்றாம் ஆண்டில் காய்க்கும். அக்காய் போடிச் சந்தைக்கு வருங்கால் பருமனும் பசுமையும் பார்த்தே விலை கூறுவர். எத்தூரிற் பிரிந்ததென எவரும் வினவார். மாந்தரை மதிக்கும்போது மட்டும் இவ்வறிவு மழுங்கிவிடுகிறது.

இவ்வூரிலேயே தெலுங்கையும் கன்னடத்தையும் வீட்டுமொழியாகக் கொண்ட குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. அவர்தம் பிள்ளைகள் தமிழராவரோ என்று குருதியாராயப் புகும் தமிழன்பர் சிலர் உளர். அவர்கள் ஒருமுறை மலையநாட்டை எண்ணிப் பார்த்தல் நன்று.

இன்று மலேசியா எனப்படும் அந்நாட்டிலும் சிங்கையிலும், கடந்த நூற்றாண்டில், வறுமையாலும், பெண்மகவை வேண்டாமையாலும், புலியாண்டிற் பிறந்தவள் குடிக்கு ஆகாள் என்னும் அறியாக் கொள்கையாலும் சீனப் பெற்றோர் பலர் தம் பெண்குழந்தைகளைப் பிறர்க்குக் கொடுத்தனர். 1942 முதல் 1945 வரை நடந்த சப்பானியர் ஆட்சியின் அச்சத்திலும் பசியிலும் கொடுத்தோரும் உளர். அக்குழந்தைகள் பலரைத் தமிழ்க் குடும்பங்கள் ஏற்று வளர்த்தன. (இதனைத் 'தத்து' என்பது வடமொழி வழக்கு. 'மகவேற்பு' என்க, ஏற்றல் என்பதன்றோ அங்கு நிகழ்ந்தது!)

முகம் சீனமுகம், உடை சேலை, வாய் திறந்தால் தமிழ். கடைத்தெருவிற் சீன வணிகர் தம் மொழியிற் பேச்செடுப்பார், அம்மகள் விழிப்பாள். தமிழ் வணிகரோ விரல் காட்டி விலை உணர்த்துவார். "ஏன் அண்ணா, வாயாற் சொல்லலாகாதா?" என்பாள். நகைப்புக்குரியவர் அவளல்லர், முகத்தைக் கண்டு மொழியை அளந்தவரே.

இனிப் போடிக்கு மீள்வோம். விடியலில் ஏலமலைக்குக் கூலிக்கேறும் தாய், ஈட்டியதை ஆங்கிலவழிப் பள்ளியிற் கட்டுகிறாள். மகன் 'மம்மி' என்றழைக்கக் கேட்டு அகங்குளிர்கிறாள். அவளைப் பழித்தல் தகாது. தமிழ் படித்தால் மகனுக்குச் சோறு கிடைக்குமென்று அவளுக்குக் காட்டியவர் எவர்? ஆயினும், பெற்றோர் உயிரோடிருக்கத் தன் வீட்டிலேயே ஆங்கிலத்திற்கு மகவேற்புக் கொடுக்கப்பட்ட பிள்ளை அவன். சீனமகளை ஏற்ற தாய் கொள்கை பேசினாளல்லள். தாலாட்டிலும் அடுக்களையிலும் கடிந்துரைக்கும் சொல்லிலும் தமிழைக் கொடுத்தாள். அவ்வளவே வேண்டியிருந்தது.

குருதியாராய்வார், தமிழ்வழி வகுப்பில் வந்தமரும் தெலுங்கு வீட்டுப் பிள்ளையிடம் அவன் பாட்டன் மொழியைக் கேட்பதை நிறுத்தட்டும். அவனுக்குப் பக்கத்து வீட்டுத் தமிழ்ப்பிள்ளை ஏன் அவ்வகுப்பிற்கு வரவில்லையென்று கேட்கட்டும்.