செட்டை வைத்து வீட்டை அளக்கலாமா?

செட்டிநாட்டு மாளிகைகளைப் பார்ப்பவர்கள் “சினிமா செட் மாதிரி இருக்கிறது” என்று வியக்கிறார்கள். அந்தப் பாராட்டு தலைகீழானது. கோடம்பாக்கத்தின் தளங்களில் பலகையும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் கொண்டு எழுப்பிய ஜமீன் வீடுகள், நிஜ வீடுகளின் நகல்கள். கேமரா பார்க்கும் பக்கம் மட்டுமே அவற்றுக்கு உண்டு. படப்பிடிப்பு முடிந்தால் பிரித்துவிடுவார்கள். செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தானிலோ பர்மா தேக்குத் தூண் கூரையைத் தாங்குகிறது. திறந்த முற்றம் காற்றையும் வெளிச்சத்தையும் உள்ளே கொண்டுவருகிறது. முட்டை வெண்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு வெயிலிலும் குளுமை தருகிறது. அங்கே அழகு, பயன்பாட்டிலிருந்து பிறந்தது.

சுற்றுலாவும் படப்பிடிப்பும்தானே இவ்வீடுகளைக் காப்பாற்றுகின்றன என்று கேட்கலாம். நியாயம்தான், விடுதிகளான சில வீடுகள் அந்த வருமானத்தில்தான் நிற்கின்றன. ஆனால், முகப்புக்கு வண்ணம் பூசிவிட்டுப் பின்கட்டை இடியவிட்டால், நிஜ வீடும் செட்டாகிவிடும். சினிமாப் புகழ் மட்டும் எந்தக் கட்டடத்தையும் காக்காது: விஜயா வாஹினி ஸ்டுடியோ இருந்த வடபழனி நிலத்தில் இன்று வணிக வளாகம் நிற்கிறது. செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் உள்ளன. பட்டியல் போதாது. பழுதுபார்க்க மானியமும், சுண்ணாம்புக் கொத்தனார்களுக்கும் ஆத்தங்குடித் தரை ஓடு செய்பவர்களுக்கும் தொடர்ந்து வேலையும் அரசு தர வேண்டும்.