'ரோலக்ஸ்' ஓடுமா?

சென்னை பாரிமுனை நடைபாதையில் 'ரோலக்ஸ்' வாட்ச், சில நூறு ரூபாய்! அசலோ பல லட்சம்.

கையில் கட்டினால் ஜோர்தான். எத்தனை நாள் ஓடும்?

உள்ளே இருப்பது பெரும்பாலும் மலிவான குவார்ட்ஸ் மெஷின். சும்மா சொல்லக்கூடாது, நேரம் சரியாகவே காட்டும். முதலில் பல் இளிப்பது முலாம். வியர்வை பட்டால் உரிந்துவிடும். மூடி சரியாகப் பொருந்தாததால் மழைத்தண்ணி உள்ளே இறங்கும். பேட்டரி தீர்ந்ததும் கழற்றிவிட வேண்டும். அப்படியே போட்டு வைத்தால் கசிந்து மெஷினையே அரித்துவிடும்.

தெரிந்து வாங்குகிறவர் பாடு அவரோடு. 'அசல் சார்' என்று சொல்லி, மாதச் சம்பளக்காரரிடம் ஆயிரக்கணக்கில் கறப்பது பகல் கொள்ளை! போலி முத்திரைப் பொருளை விற்றால் 1999-ம் ஆண்டு வர்த்தகக் குறிச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை உண்டு. பிடிக்க வேண்டியவர்கள் பிடிக்கட்டும்.

அதே காசுக்குப் பில்லோடு சாதா வாட்ச் கிடைக்கும். ரிப்பேர் என்றால் கேட்க ஒரு கடையாவது இருக்கும்!