ஐந்து லட்ச ரூபாய் அட்டை, வேலூர் ரயில், ஆபீஸ் இன்ஷூரன்ஸ்: கொல்கத்தா தமிழருக்கு எது கைகொடுக்கும்?

லேக் கார்டன்ஸில் வீடு எடுத்துத் தங்கியிருக்கும் தமிழரா நீங்கள்? அப்படியானால் இந்தக் கேள்வியை ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். நீங்கள் தமிழ்நாடு என்று தெரிந்ததும் பக்கத்து ஃப்ளாட்காரரோ மீன் கடைக்காரரோ முதலில் விசாரிப்பது ரஜினியைப் பற்றியோ மீனாட்சி அம்மன் கோயிலைப் பற்றியோ அல்ல. வேலூரைப் பற்றித்தான். சி.எம்.சி.யில் எப்படி அப்பாயின்ட்மென்ட் வாங்குவது, எத்தனை நாள் தங்க வேண்டியிருக்கும், மொத்தம் எவ்வளவு ஆகும்?

1900-ல் ஐடா ஸ்கட்டர் தொடங்கிய அந்த மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜ்களிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் வங்காள எழுத்தில் போர்டு தொங்குகிறது. ஹவுராவிலிருந்து காட்பாடிக்கு ஒரு நாளுக்கும் மேலான ரயில் பயணம். நோயாளியையும் கூட்டிக்கொண்டு, லீவும் போட்டுக்கொண்டு, மொழி தெரியாத ஊருக்கு இத்தனை பேர் ஏன் போகிறார்கள்? இத்தனைக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்ச ரூபாய் வரை இலவச சிகிச்சை என்று அட்டை கொடுத்த மாநிலம் இது.

அந்த அட்டைதான் 'ஸ்வாஸ்த்ய சாத்தி'. 2016 டிசம்பரில் தொடங்கிய திட்டம், 2020 டிசம்பரில் வருமான வரம்பு இல்லாமல் எல்லோருக்குமாக விரிந்தது. அட்டை குடும்பத்தின் மூத்த பெண்ணின் பெயரில் வரும். கணவரின் பெற்றோர், மனைவியின் பெற்றோர் என இரு தரப்பும் அதற்குள் அடங்குவார்கள். இது நல்ல யோசனை என்றே சொல்ல வேண்டும். நம்மில் பலரின் ஆபீஸ் பாலிசியில் மாமனார், மாமியாரைச் சேர்ப்பதற்குள் எச்.ஆர். ஆட்களோடு எத்தனை மெயில் போட வேண்டியிருக்கு! வேலூர் சி.எம்.சி.யிலும் இந்த அட்டை செல்லும் என்று அப்போதே அரசு அறிவித்தது.

மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் இதற்குப் போட்டியாக நின்றது. 2018-ல் அதில் சேர்ந்த மேற்கு வங்கம் 2019 ஜனவரியில் வெளியேறியது. 2024 அக்டோபரில் 70 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் அது விரிவானபோதும் வங்கம் அதில் இல்லை. வேறு மாநிலத்தில் வாங்கிய ஆயுஷ்மான் அட்டைக்குக் கொல்கத்தாவில் பல வருடம் கதவு மூடியே இருந்தது இதனால்தான். உங்கள் தமிழ்நாட்டு முதல்வர் காப்பீட்டு அட்டையும் இங்கே உதவாது. அதற்குத் தமிழ்நாட்டு ரேஷன் கார்டு வேண்டும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1.2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். சம்பளம் வாங்கும் உங்களுக்கு அது பொருந்தப் போவதில்லை.

<b>அட்டை இருந்தும் செலவு ஏன்?</b>

அட்டை என்பது படுக்கையில் படுத்தால்தான் பேசும். சர்க்கரை, பிரஷர், தைராய்டு ஆகியவற்றுக்கு மாதாமாதம் வாங்கும் மாத்திரையும், டாக்டர் ஃபீஸும், ரத்தப் பரிசோதனையும் அட்மிஷன் இல்லாத செலவுகள். இந்தியக் குடும்பங்களின் கைக்காசு பெரும்பாலும் இப்படித்தான் சிறுகச் சிறுகக் கரைகிறது. 2021-22 தேசிய சுகாதாரக் கணக்கின்படி நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் நேரடியாகக் கையிலிருந்து கொடுத்தது. மேற்கு வங்கத்தில் அது பாதிக்கும் மேல்.

இன்னொரு சிக்கல், பேக்கேஜ் கட்டணம். ஒரு ஆபரேஷனுக்கு அரசு நிர்ணயிக்கும் தொகை கட்டுப்படியாகாது என்று பெரிய தனியார் மருத்துவமனைகள் சொல்லின. அட்டையைத் திருப்பி அனுப்பினால் லைசென்ஸ் போகும் என்று அரசு மிரட்டியது. இந்த இழுபறியில் நடுவில் நிற்பது நோயாளி.

சரி, தமிழ்நாடு என்ன வித்தியாசமாகச் செய்தது? இங்கே காப்பீடு வந்தது 2009-ல்தான். அதற்கு வெகு முன்பே, 1994-ல், தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் உருவாகிவிட்டது. அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கி, மாவட்டக் கிடங்குகள் வழியாக அனுப்புவது அதன் வேலை. கேட்க சுவாரசியமே இல்லாத விஷயம். ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இருக்கிறதா, இல்லை வெளியே வாங்கச் சொல்லிச் சீட்டு எழுதுகிறார்களா என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. பிற மாநிலங்கள் பார்த்து நகலெடுத்ததும் இதைத்தான். அதாவது தமிழ்நாடு முதலில் ஆஸ்பத்திரியைக் கட்டி, மருந்தை நிரப்பி, பிறகுதான் அட்டையைக் கொடுத்தது.

விளைவு எண்ணிக்கையில் தெரிகிறது. 2018-20 கணக்கில் ஒரு லட்சம் பிரசவங்களுக்குத் தாய் இறப்பு தமிழ்நாட்டில் 54, மேற்கு வங்கத்தில் 103, இந்திய சராசரி 97.

இதை வைத்து 'வங்கம் மோசம்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2020-ல் ஆயிரம் குழந்தைகளுக்கு இறப்பு விகிதம் தமிழ்நாட்டில் 13, வங்கத்தில் 19, இந்தியாவில் 28. தேசிய சராசரியைவிட வங்கம் எவ்வளவோ மேல். கேரளாவைப் பாருங்கள்: தாய் இறப்பு வெறும் 19, ஆனால் மருத்துவச் செலவில் மக்கள் கைக்காசின் பங்கு அங்கேயும் பாதிக்கு மேல். தரம் ஒரு பக்கம் ஏறும், செலவு இன்னொரு பக்கம் போகும்.

உலகத்திலும் இதே குழப்பம்தான். அமெரிக்கா தன் உற்பத்தியில் 17 சதவீதத்துக்கு மேல் மருத்துவத்தில் போடுகிறது, 2023-ல் சராசரி ஆயுள் 78.4 வருடம். அதில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குச் செலவழிக்கும் பிரிட்டனில் மக்கள் அதைவிட அதிக காலம் வாழ்கிறார்கள், பில் என்று ஒன்று வருவதில்லை. ஆனால் இங்கிலாந்தில் காத்திருப்போர் பட்டியல் 70 லட்சத்தைத் தாண்டியது. (ஆன்சைட் போகிறவர்கள் கவனிக்க: அந்த 'இலவசத்துக்கு' விசாவோடு சேர்த்து ஆண்டுக்கு 1,035 பவுண்டு கட்ட வேண்டும்.) தாய்லாந்து 2002-ல் எல்லோருக்கும் 30 பாட் கட்டணத்தில் சிகிச்சை என்று இறங்கியபோது பணக்கார நாடாக இல்லை. இலங்கையின் இலவச மருத்துவமனைகள் பல பத்தாண்டுகள் நன்றாகவே ஓடின, 2022-ல் டாலர் தீர்ந்ததும் மருந்தும் தீர்ந்தது.

<b>ராத்திரி ரெண்டு மணிக்கு எங்கே போவீங்க?</b>

லேக் கார்டன்ஸிலிருந்து பக்கம் என்றால் டாலிகஞ்ச் எம்.ஆர். பாங்குர் அரசு மருத்துவமனை. பெரிய பிரச்சினை என்றால் எஸ்.எஸ்.கே.எம்., உள்ளூர்க்காரர் வாயில் 'பி.ஜி.' நல்ல டாக்டர்கள் உண்டு, சிகிச்சைக்குக் காசும் இல்லை. பெட் இருக்கிறதா என்பதுதான் அங்கே போகும்வரை தெரியாது. 2024 ஆகஸ்டில் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்ட பிறகு போராடிய ஜூனியர் டாக்டர்கள், தங்கள் பாதுகாப்போடு சேர்த்து, மையப்படுத்தப்பட்ட ரெஃபரல் முறையும், காலி படுக்கைகளைக் காட்டும் டிஜிட்டல் பலகையும் கேட்டார்கள். ஆம்புலன்ஸில் ஊரைச் சுற்றும் நோயாளியின் கதையை அவர்களைவிட யார் அறிவார்?

தனியார் பக்கம் போனால் ஆபீஸ் பாலிசியில் முதலில் பார்க்க வேண்டியது அறை வாடகை வரம்பு. ஐந்து லட்சம் கவரேஜ், வரம்பு ஒரு சதவீதம் என்றால் நாளுக்கு ரூ.5,000. நீங்கள் ரூ.10,000 அறை எடுத்தீர்கள் என்று வெச்சுக்கோங்க. வாடகையில் பாதி மட்டும் போகாது. டாக்டர் ஃபீஸ், தியேட்டர் கட்டணம் இரண்டு லட்சம் என்றால் அதிலும் பாதி, ஒரு லட்சம், உங்கள் தலையில். மருந்துக்கும் பரிசோதனைக்கும் இந்த வெட்டு கிடையாது. பலர் டிஸ்சார்ஜ் கவுன்டரில்தான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

பில் அநியாயம் என்று தோன்றினால் மேற்கு வங்கத்தில் ஒரு வழி உண்டு. 2017 சட்டத்தின்படி அமைந்த மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறை ஆணையத்தில் நோயாளியே புகார் கொடுக்கலாம், பணத்தைத் திருப்பித் தரச் சொல்லும் உத்தரவுகள் அங்கிருந்து வந்திருக்கின்றன. தனியார் ஆஸ்பத்திரிகளில் அட்மிட் ஆகும் கொல்கத்தா தமிழர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

ஊரில் இருக்கும் அப்பா, அம்மாவை ஆபீஸ் பாலிசியில் மட்டும் விட்டு வைப்பது ஆபத்து. வேலை மாறும் நாளில் அதுவும் போய்விடும். அவர்களுக்குத் தனி பாலிசி எடுத்தால் 2025 செப்டம்பர் 22 முதல் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலமும் 2024 ஏப்ரலில் வந்த விதியால் அதிகபட்சம் மூன்று வருடமாகக் குறைந்திருக்கிறது. அந்த மூன்று வருடம் ஓடத் தொடங்குவது பாலிசி எடுத்த நாளிலிருந்து.