சுத்தம் செய்ய இன்னொரு புரோகிராம் எதற்கு?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இரண்டு மாதம் கழித்து என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "சிஸ்டம் ஸ்லோவாகிவிட்டது. குப்பையை எல்லாம் ஒரே கிளிக்கில் சுத்தம் செய்ய நல்ல சாப்ட்வேர் இருந்தால் சொல்லுங்கள்." போளூரில் மாணவர்களும் கேட்கிறார்கள், கடை வைத்திருப்பவர்களும் கேட்கிறார்கள். ஆரணியில் பட்டுச் சேலைக்கு டிசைன் போடுபவர்களும் கேட்கிறார்கள். எல்லோருக்கும் என் பதில் ஒன்றே: அப்படி ஒரு புரோகிராம் உங்களுக்குத் தேவையில்லை. விண்டோஸில் ஏற்கனவே உள்ள ஒரு வரிக் கட்டளை போதும். அதுவும் எப்போதாவதுதான்.

முதலில், குப்பை என்று நாம் சொல்வது என்ன என்று பார்ப்போம். ஓர் இணைய தளத்தைத் திறந்தால், அதன் படங்களையும் எழுத்துருக்களையும் பிற பைல்களையும் பிரவுசர் உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு போல்டரில் சேமித்து வைக்கிறது. இதைத்தான் கேஷ் என்கிறோம். மறுமுறை அதே தளத்திற்குச் செல்லும்போது, இந்தப் பைல்களை மீண்டும் இறக்காமல் டிஸ்க்கிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. பக்கம் விரைவாகத் திறக்கிறது, டேட்டாவும் மிச்சமாகிறது. மொபைல் போனின் ஹாட்ஸ்பாட்டை கம்ப்யூட்டருக்குக் கொடுத்து இணையம் பார்ப்பவர்களுக்கு இது பெரிய உதவி. தினமும் கேஷை அழிப்பவர், நேற்று இறக்கிய அதே படங்களை இன்று மறுபடியும் தன் டேட்டாவைச் செலவழித்து இறக்குகிறார். மேலும் குரோம் போன்ற பிரவுசர்கள் கேஷ் போல்டருக்கு ஓர் அளவு வைத்துக்கொண்டு, பழைய பைல்களைத் தாமே நீக்கிவிடுகின்றன.

அப்படியானால் கேஷை அழிக்கவே வேண்டாமா? சில சமயம் வேண்டும். தளத்தில் புதிய தகவல் வந்த பின்னும் உங்களுக்குப் பழைய பக்கமே தெரியலாம். பக்கம் பாதி மட்டும் திறக்கலாம். அப்போது முதலில் கண்ட்ரோல் கீயுடன் எப்5 கீயை அழுத்திப் பாருங்கள். அந்தப் பக்கம் மட்டும் புதிதாக இறங்கும். சரியாகவில்லை என்றால் கண்ட்ரோல், ஷிப்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பட்டியலில் சேமித்த படங்கள், பைல்கள் என்ற கட்டத்தில் மட்டும் டிக் செய்யுங்கள். குக்கீஸ், பாஸ்வேர்ட் கட்டங்களிலும் டிக் செய்துவிட்டு, பிறகு மெயிலைத் திறக்க முடியவில்லை என்று தவிப்பவர்கள் உண்டு.

இத்தனை வசதி இருந்தும் பலர் இலவச கிளீனர் புரோகிராம்களைத் தேடுகிறார்கள். அவர்களுக்கு 2017-ல் நடந்ததைச் சொல்வது என் வழக்கம். உலகெங்கும் புகழ்பெற்ற சுத்தம் செய்யும் புரோகிராம் சிகிளீனர். அந்த ஆண்டு ஆகஸ்ட் 15-ல் வெளியான அதன் 5.33 பதிப்பினுள், நிறுவனத்திற்கே தெரியாமல் வைரஸ் எழுதுபவர்கள் தங்கள் நிரலைச் சேர்த்திருந்தார்கள். நிறுவனத்தின் சொந்த தளத்திலிருந்தே, முறையான டிஜிட்டல் கையெழுத்துடன் அது இறங்கியது. செப்டம்பர் 12-ல் கண்டுபிடிக்கப்படும் வரை ஏறத்தாழ ஒரு மாதம் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சுமார் 22 லட்சத்து 70 ஆயிரம் கம்ப்யூட்டர்களில் அது பதிந்திருந்தது. பின்னர் நிறுவனம் அதைச் சரிசெய்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். நல்ல பெயர் பெற்ற புரோகிராமுக்கே இந்த நிலை என்றால், விளம்பரத்தில் திடீரென்று தோன்றி "உங்கள் கம்ப்யூட்டரில் 846 பிழைகள்" என்று பயமுறுத்தும் புரோகிராம்களை எப்படி நம்புவது?

இனி அந்த ஒரு வரிக் கட்டளை. குரோம் பிரவுசரை முழுவதுமாக மூடிவிடுங்கள். விண்டோஸ் கீயுடன் ஆர் அழுத்தி, வரும் கட்டத்தில் லோக்கல்ஆப்டேட்டா என்ற சொல்லை ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல், முன்னும் பின்னும் சதவீதக் குறியுடன் டைப் செய்து என்டர் தட்டுங்கள். திறக்கும் விண்டோவில் கூகுள், குரோம், யூசர் டேட்டா, டீபால்ட் என்று ஒவ்வொரு போல்டராகச் சென்றால் கேஷ் என்ற போல்டர் இருக்கும். மீண்டும் விண்டோஸ் கீயுடன் ஆர் அழுத்தி, சிஎம்டி என்று கொடுத்தால் கருப்புத் திரை வரும். அதில் ஆர், டி என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்து டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடும் எஸ் எழுத்தும் கொடுத்து, மீண்டும் ஓர் இடைவெளி விடுங்கள். இப்போது அந்த கேஷ் போல்டரை மவுஸால் இழுத்து வந்து கருப்புத் திரையில் விடுங்கள். போல்டரின் முழு முகவரியும் தானே வந்துவிடும். என்டர் தட்டினால், நிச்சயமா என்று கேட்கும். ஒய் கொடுத்தால் அழிக்கும், என் கொடுத்தால் விட்டுவிடும். அடுத்த முறை குரோமைத் திறக்கும்போது காலியான போல்டரை அதுவே உருவாக்கிக்கொள்ளும்.

இந்தக் கட்டளையோடு சாய்கோடும் கியூ எழுத்தும் சேர்க்கச் சிலர் சொல்லித் தருவார்கள். சேர்த்தால் கேள்வி கேட்காமல் அழித்துவிடும். புதியவர்கள் அதைச் சேர்க்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. கட்டளை மூலம் அழித்தவை ரீசைக்கிள் பின்னுக்குப் போவதில்லை. கேஷ் போல்டருக்குப் பதிலாக ஒரு படி மேலே உள்ள டீபால்ட் போல்டரை இழுத்து விட்டுவிட்டால் புக்மார்க், பாஸ்வேர்ட் எல்லாம் போய்விடும். அதனால் கேள்வி வந்ததும் முகவரியின் கடைசிச் சொல் கேஷ் தானா என்று ஒருமுறை படித்துவிட்டு ஒய் தட்டுங்கள். இதற்கு ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதியும் தேவையில்லை. அது இல்லாதபோது, கை தவறினாலும் விண்டோஸின் முக்கிய பைல்கள் அழியாது.

கருப்புத் திரை என்றாலே புதியவர்களுக்குப் பயம். எங்கள் பக்கத்து நெசவாளர்களுக்கு அந்தப் பயம் வேண்டியதில்லை. ஜக்கார்டு தறியின் அட்டையில் ஒவ்வொரு துளையும் தறிக்கு ஒரு கட்டளைதான். ஒரு துளை தவறினாலும் சேலையில் பூ மாறிவிடும் என்று தெரிந்தவர்கள், அட்டையைச் சரிபார்த்த பிறகுதானே தறியில் பூட்டுகிறார்கள்? அதே நிதானம் இங்கும் போதும்.

மறக்கக் கூடாத ஒன்று. கேஷை அழித்தால் எல்லாம் அழிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பிரவுசிங் சென்டரில் நீங்கள் இறக்கிய ஆதார் பைல் டவுன்லோட்ஸ் போல்டரில் அப்படியே இருக்கும். அதைத் தனியாக அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்து, மெயிலிலிருந்து லாக் அவுட் செய்த பிறகே எழுந்து வாருங்கள்.