வாடகை வீட்டுக்கு இனம் எதற்கு?



'இந்தியர் வேண்டா' என்று பொருள்படும் வாடகை விளம்பரங்கள் நம் நாட்டுக்குப் புதியவை அல்ல. சிலர் வெளிப்படையாக எழுதுவர். சிலரோ பெயரைக் கேட்டதும் "வீடு போய்விட்டது" என்பர். 'அது வீட்டுக்காரரின் விருப்பம்' என்று நாமும் தலையாட்டப் பழகிவிட்டோம். இது விருப்பம் அன்று, அநீதி!

மருத்துவமனை அருகே வீடு தேடுவோர் ஆசைக்காகத் தேடுவதில்லை. கோலாலம்பூரின் பெரிய அரசு மருத்துவமனைகளுக்குப் பல மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் வருகின்றனர். என் மாணவன் ஒருவனின் நீண்டகாலச் சிகிச்சைக்காக அவன் பெற்றோர் தலைநகரில் அடுக்குமாடி வீடு தேடினர். நான்கு இடங்களில் தொலைபேசியில் 'இருந்த' வீடு, பெயரைச் சொன்னதும் இல்லாமற்போனது. முடிவில் புறநகரில் உறவினர் வீட்டில் தங்கி, விடியுமுன் பேருந்தேறினர். அந்தப் பிள்ளையின் நோய்க்கு இனம் தெரியுமா?

'இவர்கள் வாடகை கட்டமாட்டார்கள், வீட்டைப் பாழாக்குவார்கள்' என்பதே பலர் கூறும் காரணம். இரண்டு மாத வைப்புத்தொகை, நீர், மின்சாரத்துக்கு அரை மாத வைப்புத்தொகை, ஒரு மாத முன்வாடகை என்பது இங்குள்ள வழக்கம். மாதம் 1,500 ரிங்கிட் வீடு என்றால், 5,250 ரிங்கிட் வாங்கிய பின்னரே சாவி கைமாறும். அஞ்சும் இழப்பை ஈடுகட்டத்தானே வைப்புத்தொகை? சம்பளச் சீட்டைக் கேளுங்கள். முன்பிருந்த வீட்டுக்காரரிடம் விசாரியுங்கள். அது முறை. ஒருவர் செய்த தவற்றுக்கு ஓர் இனத்தையே வாசலில் நிறுத்துவது எந்த முறை?

அரசியலமைப்பு காக்காதா என வினவலாம். கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆம் பிரிவு சமத்துவம் பேசுகிறது. ஆனால், அது தனியாருக்கிடையிலான விவகாரங்களுக்குப் பொருந்தாது என 2005ஆம் ஆண்டு கூட்டரசு நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. ஆகவே, வாடகைச் சட்டம் எதுவாயினும் அதில் இனப்பாகுபாட்டைத் தடைசெய்யும் விதி இருந்தே தீரவேண்டும்.

சட்டத்தை மட்டும் குறைகூறி ஒதுங்கிவிடலாமா? நம்மவருள்ளும் வீட்டு உரிமையாளர்கள் பலர் உளர். வங்காளதேசத்தவரோ ஆப்பிரிக்கரோ வந்து கேட்டால் நாம் சொல்லும் விடை என்ன? தமிழரிடமே சாதியை நயமாக விசாரிப்போர் இல்லையா? பிறர் நமக்குச் செய்தால் அநீதி, நாம் பிறருக்குச் செய்தால் முன்னெச்சரிக்கையா?

1970இல் அறிவிக்கப்பட்ட தேசியக் கோட்பாட்டை நம் மாணவர்கள் சபைகூடலில் ஓதுகின்றனர். நன்னடத்தையும் ஒழுக்கமும் அதன் ஐந்தாம் கோட்பாடு. பள்ளியில் ஓதும் பிள்ளை, வீட்டில் அப்பா முகவரிடம் "அந்த ஆள்கள் வேண்டா" என்று சொல்வதைக் கேட்டால் எதைக் கற்கும்?

பெற்றோர்களே, உங்கள் வாடகை விளம்பரத்தில் இனத்தைக் குறிக்கும் வரி இருந்தால் இன்றே நீக்குங்கள். முகவர் சேர்க்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஆசிரியர்களே, நன்னெறிப் பாடத்தில் இதை வகுப்பில் பேசுங்கள். வருபவரின் பெயரைக் கேட்குமுன் அவருடைய தேவையைக் கேட்போம்!