பழமரத்தடியில் தொடங்கும் காவல்

அம்பாங்கானிலும் அதைச் சூழ்ந்த தோட்டங்களிலும் தாமான்களிலும் கம்பங்களிலும் வாழும் சகோதர சகோதரிகளுக்கு, இவ்வட்டாரத் தோட்டக் குடும்பத்தினராகிய நாங்கள் வணக்கத்துடன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

கேரளத்தில் கோழிக்கோட்டிலும் மலப்புறத்திலும் நிப்பா என்னும் மூளைக்காய்ச்சல் சில ஆண்டுகளாக மீண்டும் மீண்டும் தலைகாட்டி வருவதைப் பத்திரிகைகளில் படிக்கும் நம்மில் பலர், அது எங்கோ கடல் கடந்த தேசத்தில் பிறந்த வியாதி என்றே எண்ணியிருக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கோ அது நெகிரி செம்பிலான் மண்ணில் நடந்த துயரம் என்பதே தெரியாது. போர்ட்டிக்சன் மாவட்டத்தில் புக்கிட் பெலாண்டோக்கை அடுத்த சுங்கை நிப்பா என்ற சிற்றூர்க்காரர் ஒருவரின் உடலிலிருந்து எடுத்த மாதிரியைக் கொண்டுதான், 1999 மார்ச் மாதத்தில், அந்தக் கிருமி உலகத்திலேயே முதன்முதலாக இனங்காணப்பட்டது. நம் அம்பாங்கானுக்கு அண்டையிலுள்ள சிக்காமாட்டில் அந்நோய் அதற்குச் சில மாதங்கள் முன்னமேயே நுழைந்திருந்தது. ஆகவே இந்த வியாதியைப்பற்றிப் பிறருக்குச் சொல்லும் உரிமையும், பிறரைவிட ஜாக்கிரதையாக இருக்கும் கடமையும் நமக்கு உண்டு.

அந்நாளில் நடந்ததைச் சற்று விரித்துச் சொல்வது அவசியம்; ஏனெனில் நாங்கள் கேட்டுக்கொள்ளப்போகும் ஒவ்வொரு காரியத்துக்கும் காரணம் அந்தச் சரித்திரத்திலேயே இருக்கிறது. 1998 செப்டம்பர் இறுதியில், ஈப்போவைச் சுற்றியிருந்த பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குக் கடுங்காய்ச்சலும் தலைவலியும் கண்டு, சில தினங்களில் நினைவு தப்பி, உடல் வெட்டி இழுத்து, பலர் மாண்டுபோயினர். கொசுவினால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் நம் நாட்டுக்கு ஏற்கெனவே தெரிந்த நோயாக இருந்தபடியால், இதுவும் அதுவே என்ற அபிப்பிராயம் உறுதிப்பட்டு, ஊர் ஊராகக் கொசுமருந்துப் புகை அடிக்கப்பட்டது; தடுப்பூசியும் போடப்பட்டது; நோயோ அடங்கவில்லை. வந்த விலைக்கு விற்றுவிட்டால் போதும் என்று பண்ணைக்காரர்கள் தெற்கே அனுப்பிய பன்றிகளோடு லாரியேறி அந்த வியாதி நம் மாநிலத்துக்கு வந்து சேர்ந்தது. மிகப் பெரிய சேதம் புக்கிட் பெலாண்டோக் வட்டாரத்திலேயே நேர்ந்தது. மலேசியாவில் நோய் கண்ட 265 பேரில் 105 பேர் இறந்தனர். சிங்கப்பூரில் இறைச்சிக்கூடத் தொழிலாளர் 11 பேருக்கு நோய் தொற்றி ஒருவர் உயிர் துறந்தார். இராணுவத்தின் உதவியோடு ஏறத்தாழ 11 லட்சம் பன்றிகள் கொன்று புதைக்கப்பட்டன. தலைமுறைகளாக அந்தத் தொழிலை நம்பியிருந்த சீனக் குடும்பங்களும், அவர்களிடம் கூலிவேலை பார்த்துவந்த நம்மவர்களும் ஒரே பருவத்தில் வாழ்விழந்து நின்றனர்.

உண்மை வெளிப்பட்ட விதம் நம் சிந்தனைக்கு உரியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைப் பீடிப்பது. இதுவோ பன்றியைத் தொட்டு வேலை செய்த வயதுவந்த ஆண்களையே தேடிப் பிடித்தது. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் படுக்கையில் விழுந்தார்கள். அதே ஊரில், அதே கொசுக்களுக்கு நடுவில் வாழ்ந்தும், பன்றியை அணுகாத மலாய்க் குடும்பத்தினர் தப்பினார்கள். மனிதர் நோயுறுவதற்கு முன்பே, ஒரு மைல் தூரம் கேட்கும் என்று சொல்லத்தக்கபடி, பன்றிகள் நாய் குரைப்பதுபோல் இருமிக்கொண்டிருந்தன. இந்த அடையாளங்கள் அனைத்தையும் கொட்டிலில் நின்றவர்களே முதலில் கண்டார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் அந்நாளில் கிருமியியல் பயின்றுகொண்டிருந்த வைத்தியர் சுவா காவ் பிங், நோயாளியின் மாதிரியைச் செல்களில் வளர்த்துப் பார்த்தபோது, அச்செல்கள் ஒன்றோடொன்று கலந்து பெருந்திரளாகிக் கிடந்ததைக் கண்டு, இது ஜப்பானிய மூளைக்காய்ச்சலின் கிருமி செய்யக்கூடிய காரியமன்று என்று தெளிந்தார். மாதிரிகளை அமெரிக்காவுக்கே கொண்டுசென்று பரிசோதித்ததில், 1994-இல் ஆஸ்திரேலியாவில் குதிரைகளிடம் தோன்றிய ஹெண்ட்ரா என்னும் கிருமியின் உறவுக் கிருமி இது என்பது நிரூபணமாயிற்று. சரியான காரணம் தெரிந்து, பன்றிகள் அகற்றப்பட்ட பின்னரே நோய் ஓய்ந்தது.

பன்றிக்கு அது எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை பழமரத்தில் இருந்தது. நாம் கெலுவாங் என்று வழங்கும் பெரிய பழந்தின்னி வௌவால்கள் இந்தக் கிருமியைத் தமக்கு நோயில்லாமலே தாங்கி வாழ்கின்றன. 2002-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியில், தியோமான் தீவின் வௌவால்களுடைய சிறுநீரிலும், அவை தின்று மிச்சம் வைத்த பழத்திலும் இதே கிருமியைச் சுவா காவ் பிங் குழுவினர் கண்டெடுத்தனர். நோய் தொடங்கியதாகக் கருதப்படும் ஈப்போ பக்கத்துத் தம்புன் பண்ணையில், பன்றிக் கொட்டில்களை ஒட்டியே மாமரங்கள் நடப்பட்டிருந்தன. பழந்தின்னி வௌவால் பழத்தை முழுதாக விழுங்குவதில்லை. மென்று சாற்றை உறிஞ்சிக்கொண்டு, நாரைச் சிறு உருண்டையாகத் துப்பிவிடும். விடியற்காலையில் மாமரத்தடியையோ ஜம்பு மரத்தடியையோ கூட்டுகிறவர்கள், பல் பதிந்த பழத்தையும் அதனருகில் ஈரம் உலராத சக்கை உருண்டையையும் எத்தனையோ முறை பார்த்திருப்பார்கள். அப்படி எச்சிற்பட்ட கனி கொட்டிலுக்குள் விழ, பன்றி தின்ன, ஆயிரக்கணக்கான பன்றிகள் நெருக்கி அடைக்கப்பட்டிருந்த இடத்தில் கிருமி விருத்தியாகி, மனிதரிடம் வந்தது.

வங்காளதேசத்திலும் கேரளத்திலும் அது வேறு வழிகளில் வருகிறது. வங்காளதேசத்தில் 2001 முதல், பனிக்காலத்தில் இறக்கும் ஈச்சமரப் பதநீரைக் காய்ச்சாமல் குடித்தவர்களிடையே பெரும்பாலும் தோன்றுகிறது. இரவில் வௌவால் வந்து அந்தக் கலயத்தில் நக்கிவிட்டுப் போவதே காரணம். நம்மோடு இன்று செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்யும் வங்காளதேசத்துத் தோழர்களிடம் கேட்டால் இதைப்பற்றி அவர்களே சொல்லக்கூடும். கோழிக்கோட்டிலும் மலப்புறத்திலும் 2018-இல் 17 பேர் உயிரிழந்தபோது, நோயாளியிடமிருந்து உறவினருக்கும், மருத்துவமனையில் இருந்தவர்களுக்கும் அது தொற்றியது. பேராம்பிரா மருத்துவமனையில் நோயாளிக்குப் பணிவிடை செய்த செவிலியர் லினி அந்த நோயிலேயே மறைந்தார். 2019, 2021, 2023, 2024, 2025 ஆகிய ஆண்டுகளிலும் கேரளத்தில் நோய் தென்பட்டது. ஆக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தார் 2024 ஜனவரியில் ஒரு தடுப்பூசியை மனிதரிடம் சோதிக்கத் தொடங்கியது நம்பிக்கை தரும் செய்தி. அத்தகைய ஆராய்ச்சி பலனளித்து ஊசி நம் ஊர் கிளினிக்குக்கு வந்து சேரும்வரை, நமக்குள்ள மருந்து ஜாக்கிரதை ஒன்றே.

1999-க்குப் பின் நம் நாட்டில் இந்நோய் தோன்றவில்லை என்பது ஆறுதலான விஷயம். ஆனால் வௌவால்களும் பழமரங்களும் கால்நடைகளும் நம்மைவிட்டு எங்கும் போய்விடவில்லை. காடு குறைந்து, பால்மரக் காடுகள் செம்பனையாகி, செம்பனை நிலங்கள் தாமான்களாகும் இக்காலத்தில், இரைதேடும் வௌவால் நம் வீட்டுப் பின்புறத்து ரம்புத்தானுக்கும் மாவுக்கும் வருவது இயல்பே. நோய் திரும்ப வருமாயின் அதன் முதல் அடையாளம் எந்த ஆய்வுக்கூடத்திலும் தெரியாது. மரத்தடியில், கொட்டிலில், லயத்து வீட்டுத் திண்ணையில் தெரியும். அதை முதலில் காணப்போகிறவர்கள் நாமே என்ற எண்ணத்தோடு கீழ்க்கண்டவற்றைச் சிரத்தையோடு கைக்கொள்ள வேண்டுமென்று பணிந்து கேட்டுக்கொள்கிறோம்.

முதலாவதாக, பல் பதிந்த பழத்தையும், கொத்திய பழத்தையும், உடைந்து கீழே கிடக்கும் பழத்தையும் உண்ணாதீர்கள். கடித்த பாகத்தை அறுத்தெறிந்துவிட்டு மிச்சத்தைத் தின்னும் நம் வீட்டுச் சிக்கனம் இந்த ஒரு விஷயத்தில் வேண்டாம். பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுங்கள். அத்தகைய பழத்தை ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடாமல் குழிதோண்டிப் புதையுங்கள். நல்ல பழத்தையும் கழுவித் தோலுரித்தே உண்ணுங்கள். புதைத்தபின் கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள்.

இரண்டாவதாக, கால்நடைக் கொட்டிலைப் பழமரத்தடியில் கட்டாதீர்கள்; முன்பே கட்டியிருந்தால் மேலே நன்றாகக் கூரை வேய்ந்து, தண்ணீர்த் தொட்டியையும் தீவனத் தொட்டியையும் மூடிவையுங்கள். தென்னையில் கள் இறக்குகிறவர்கள், வௌவால் வாய்வைக்க இடமில்லாதபடி கலயத்தின் வாயை மூடிக் கட்டுங்கள். நம் நாட்டில் கள்ளினால் இந்நோய் வந்ததில்லை. ஆயினும் வங்காளதேசத்து அனுபவம் தெரிந்த பிறகு அலட்சியமாக இருப்பது தகாது.

மூன்றாவதாக, ஒரே சமயத்தில் பல பிராணிகள் இருமினாலும், தள்ளாடினாலும், காரணம் தெரியாமல் செத்தாலும், உடனே கால்நடைத் துறைக்குத் தெரிவியுங்கள். நஷ்டத்துக்கு அஞ்சி, நோயுற்ற பிராணியை அவசர அவசரமாக விற்றுத் தீர்க்கவேண்டாம். 1998-இல் பேராக்கிலிருந்து நம் மாநிலத்துக்கு நோய் வந்த பாதை அதுவே. செம்பனைக் காட்டில் செத்தோ சோர்ந்தோ கிடக்கும் காட்டுப்பன்றியை அறுத்துப் பங்கிடும் வழக்கத்தையும் அடியோடு விட்டுவிடுங்கள்.

நான்காவதாக, காய்ச்சலோடு கடுந்தலைவலியும் தூக்கமயக்கமும் குழப்பமான பேச்சும் உடல் துடிப்பும் கண்டால், கைவைத்தியத்தில் நாளைப் போக்காமல் சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அங்கே வைத்தியர் கேட்கும்வரை காத்திராமல், நோயாளி எந்தப் பிராணியைத் தொட்டார், என்ன பழம் தின்றார், அண்மையில் எந்த ஊருக்குப் போய்வந்தார் என்பதை நீங்களே சொல்லுங்கள். சாதாரணக் காய்ச்சலா, டெங்கியா, வேறா என்று நிர்ணயிக்க அந்தச் சில வார்த்தைகள் பேருதவியாக இருக்கும். இந்நோயிலிருந்து பிழைத்தவர்களில் சிலருக்கு மாதங்களும் வருஷங்களும் கழிந்த பின்னும் மூளைக்காய்ச்சல் திரும்பியதுண்டு. ஆகவே அன்று பிழைத்த குடும்பத்தாரிடம் நாம் என்றும் பரிவோடு இருக்கவேண்டும்.

இவ்வளவும் கேட்டபின், வௌவால்களை ஒழித்துவிட்டால் தொல்லை தீருமே என்று சிலர் நினைக்கலாம். அந்த எண்ணத்தை நாங்கள் கைகூப்பி மறுக்கிறோம். நாம் ஆவலோடு காத்திருக்கும் டுரியான் இரவில் பூப்பது. அந்தப் பூக்களை நாடி வந்து மகரந்தம் சேர்ப்பவை வௌவால்களே. தியோமானில் டுரியான் மகரந்தச் சேர்க்கைக்குக் கெலுவாங் துணைசெய்வதை ஷீமா அப்துல் அஜிஸ் குழுவினர் 2017-இல் படம்பிடித்துக் காட்டினர். குடியிருக்கும் மரத்தை வெட்டியும், சுட்டும், வெடி போட்டும் கலைத்தால், கலங்கிய கூட்டம் ஊரெங்கும் சிதறுவதுதான் மிச்சம். தமிழ்நாட்டில், ஊர் ஆலமரத்தில் தொங்கும் வௌவால்கள் மிரளக்கூடாதென்று தீபாவளியன்றும் வெடி வெடிக்காத கிராமங்கள் உண்டு. அந்தப் பண்பு நமக்கும் பூர்விகச் சொத்து. அவற்றுக்கு உரிய மரத்தை அவற்றுக்கு விட்டு, நம் கொட்டிலையும் கலயத்தையும் நாம் மூடிக்கொள்வதே விவேகம்.

இன்னொன்றும் வேண்டிக்கொள்கிறோம். நோய்க் காலத்தில் புக்கிட் பெலாண்டோக் மக்களைப் பிறர் அஞ்சி ஒதுக்கியதும், 2018-இல் பேராம்பிராவின் செவிலியர்களை அவ்வூராரே விலக்கிப் பார்த்ததும் நாம் மறக்கக்கூடாதவை. நோய்க்கு ஜாதியும் மதமும் கிடையாது. கைப்பேசியில் வரும் ஊர்பேர் தெரியாத செய்தியை அப்படியே பிறருக்கு அனுப்பாமல், சுகாதார அமைச்சின் அறிவிப்பைப் பார்த்தபின் பேசுங்கள். பழிக்கு அஞ்சி ஒருவர் தம் வீட்டு நோயை மறைப்பாரானால், அந்த மறைவில்தான் வியாதி வளரும்.

ஆகவே, வரும் பழக்காலம் தொடங்குமுன், தோட்டந்தோறும் தாமான்தோறும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து, மலாய், சீன, தமிழ்க் குடும்பங்களும் நம்மிடையே வேலை செய்யும் அந்நிய நாட்டுத் தொழிலாளரும் ஒன்றுகூடிக் கோத்தோங் ரோயோங்காக மரத்தடிகளைச் சுத்தம் செய்து, கொட்டில்களைப் பார்வையிட்டு, கூரையில்லாத கொட்டிலுக்குக் கூரை போட்டுத் தருமாறு வேண்டுகிறோம். கோயில் நிர்வாகத்தாரும் பள்ளி ஆசிரியர்களும் இவ்விண்ணப்பத்தை மக்களிடம் வாசித்துக் காட்டி உதவவேண்டும். பெரியவர்கள் 1999-இல் தாங்கள் கண்டதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இயன்றவர்கள் சுங்கை நிப்பாவில் உள்ள நினைவு அருங்காட்சியகத்துக்கு அவர்களை அழைத்துச் செல்லுங்கள். 105 பேர் உயிரைக் கொடுத்துக் கற்பித்த பாடம் இது. இதைக் கற்க நமக்கு ஆகும் செலவு ஒரு துடைப்பமும், ஒரு மண்வெட்டியும், அரைநாள் உழைப்புமே.

இங்ஙனம்,
அம்பாங்கான் வட்டாரத் தோட்டக் குடும்பத்தினர்