உழைப்பவரின் தசையும் கொழுப்புக் குளிசையும்

“கொழுப்புக் குளிசை கை கால்களை விழுத்திவிடும்” என்னும் பேச்சு ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் நெடுந்தீவிலும் இன்று நம் காதில் விழுகிறது. பாமரரின் அறியாமை என்று இதனை ஒதுக்கிவிடுவோர் படித்தோரிடையே பலர் உளர். நாம் அவ்வாறு ஒதுக்க மறுக்கிறோம். மக்களிடையே ஓர் அச்சம் பரவுகிறதென்றால், விளக்கிச் சொல்ல வேண்டியவர்கள் வாய்மூடி இருக்கிறார்கள் என்பதே அதன் பொருள்.

நாம் அறிந்த கடற்றொழிலாளி ஒருவர், வயது ஐம்பத்தைந்து, மாரடைப்பிலிருந்து உயிர் தப்பியவர். அரசாங்க வைத்தியசாலை ஒன்றில் இலவசமாகக் கிடைத்த அற்றோவாஸ்ரற்றின் குளிசையை இரவு தோறும் உட்கொண்டார். மூன்றாம் மாதம் தோளும் தொடையும் நோவெடுத்தன. கிளினிக்கில் முறையிட்டார். “நிற்பாட்டக் கூடாது” என்ற ஒற்றை வாக்கியமே விடையாகக் கிடைத்தது. என்ன தொழில் செய்கிறீர் என்று கேட்பாரில்லை. “வலை இழுக்க ஏலாத கையை வைச்சுக்கொண்டு நான் என்ன செய்ய, வாத்தியார்?” என்று எம்மிடம் கேட்டார். அன்றே குளிசையை நிறுத்தினார். இன்னொரு மாரடைப்பு வந்தால் அவர் நிலை யாதாகும்? அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த நாம் ஆயத்தமாக இல்லை.

உண்மை என்ன? ஸ்ரற்றின் வகை மருந்துகளுக்கு வழி திறந்தவர் ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ. 1973இல் பூஞ்சணம் ஒன்றில் அவர் கண்டெடுத்த பொருள், உடல் கொலஸ்திரோலை உண்டாக்கும் வழியை மறித்தது. 1994இல் வெளியான ஸ்கந்திநேவிய ஆய்வில், இதய நோயுற்ற 4,444 பேரிடையே சிம்வாஸ்ரற்றின் மரணத்தை 30 சதவீதம் குறைத்தமை புலனாயிற்று. இம்மருந்தை நஞ்சென்று தூற்றுவோர் உழைக்கும் மக்களின் நண்பர் அல்லர்.

அச்சத்துக்கு அடிப்படையே இல்லை என்போரும் உண்மையை மறைக்கின்றனர். பேயர் நிறுவனத்தின் சேரிவாஸ்ரற்றின், தசைகளைச் சிதைத்துப் பலரின் உயிரைக் குடித்த பின்னரே, 2001இல் சந்தையிலிருந்து மீளப் பெறப்பட்டது. இன்று வழங்கப்படுபவற்றில் அத்தகைய சிதைவு மிக அரிது. 2022இல் ‘லான்செற்’ இதழ் வெளியிட்ட பேராய்வு 19 பரிசோதனைகளைத் தொகுத்து நோக்கியது. ஸ்ரற்றின் உண்டோரில் 27.1 சதவீதத்தினரும், மருந்தில்லா வெற்றுக் குளிசை உண்டோரில் 26.6 சதவீதத்தினரும் தசைநோவு கூறினர். நோவு மெய்யே, ஆயினும் பெரும்பாலோரிடம் அதன் காரணம் குளிசையன்று.

இந்த உண்மையை அந்தத் தொழிலாளிக்கு எவரேனும் சொன்னார்களா? அவருடைய நோவு முதுமையால் வந்திருக்கலாம். தைரொயிட் குறைவால் வந்திருக்கலாம். நாள்தோறும் வலை இழுத்த உழைப்பாலும் வந்திருக்கலாம். தசைச் சிதைவை அறிய உதவும் கிரியேற்றின் கைனேஸ் என்னும் இரத்தச் சோதனையோ, கடும் உழைப்பினால் மட்டுமே கூட உயர்ந்து காட்டும். ஆகவே, தொழிலைக் கேளாத வைத்தியர் அச்சோதனையின் விடையையும் பிழையாகப் படிக்கக் கூடும். குளிசைதான் காரணம் என்றாலும் வழி உண்டு: அளவைக் குறைக்கலாம், வேறொரு ஸ்ரற்றினுக்கு மாற்றலாம். இவற்றை விளக்கப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடம் பணம் கொடுப்பவனுக்குக் கிடைக்கிறது. வரிசையில் நிற்பவனுக்குக் கிடைப்பதில்லை.

நெடுந்தீவுக்கு ‘டெல்வ்ற்’ என்று தம் நகரின் பெயரை இட்டுச் சென்றவர் ஒல்லாந்தர். அவர்களின் நாட்டிலே நெடுந்தூரம் நடந்தோரை ஆராய்ந்து 2023இல் வெளியான ஆய்வு, மிதமான நடையால் ஸ்ரற்றின் உண்டோரின் தசை மற்றவர்களதை விட அதிகம் பழுதுறவில்லை என்றது. நல்ல செய்தி! ஆனால் உடல்நலத்துக்காக நடப்பது வேறு; வயிற்றுப்பாட்டுக்காக வலை இழுப்பதும் பனை ஏறுவதும் வேறு. நடைக்குக் கிடைத்த விடையை இவற்றுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது.

1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை உருவாக்க முன்னின்ற சேனக பிபிலே, மருந்து மக்களின் உரிமை என்று போராடினார். மருந்தைப் பற்றிய அறிவும் அதே உரிமையின் பகுதி அல்லவா? ஆகவே நாம் கோருகிறோம்: தொழில் என்னவென்று ஒவ்வொரு நோயாளியிடமும் கேட்டுப் பதிக. குளிசை உறையோடு தெளிந்த தமிழில் ஒரு துண்டுத்தாள் கொடுக்க. சோதனை தேவைப்படின், குறிகட்டுவானுக்குப் படகேற வேண்டியது இரத்த மாதிரியே. ஒரு நாட் கூலியை இழந்து நோயாளி அலையக் கூடாது.

ஆசிரியத் தோழர்களே, மாணவர்களே, இவை நிறைவேறும் வரை நாம் கைகட்டி நிற்கலாகாது. தீவகத்து வகுப்பறைகளில் இருப்போர் இத்தொழிலாளரின் பிள்ளைகள். குளிசையைத் தாமாக நிறுத்தாமல் நோவை வைத்தியரிடம் வற்புறுத்திச் சொல்ல வேண்டும் என்பதை அவர்கள் வீட்டுக்குக் கொண்டு செல்லட்டும். தசை தளர்ந்து, சிறுநீர் கறுத்த தேநீர் நிறமாயின், அன்றைக்கே குளிசையை விட்டு வைத்தியசாலைக்கு விரைய வேண்டும் என்பதையும் சொல்லட்டும். அந்தக் கடற்றொழிலாளியின் வீட்டுக்கு நாம் மீண்டும் போகிறோம். இம்முறை அவரை அழைத்துக்கொண்டு கிளினிக்குக்கும் போவோம்.